காரில் போட்ட கையெழுத்து

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன வேலை என்று கேட்டால், கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுவேன். கலிபோர்னியாவிலிருந்து வருகிற இந்தியன் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. உண்மையில் மில்பிடாஸில் ஏழு வருஷம் நான் பார்த்தது, விமானிகளுக்கான அவசரக் கையேடு எழுதும் வேலை. பறக்கும்போது ஒரு கருவி கெட்டுப்போனால், எந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது, எதைத் தொடவே கூடாது என்று வரிசையாகச் சொல்லும் சின்னப் புத்தகம் அது. அதில் நான் சுருக்கி எழுதிய ஒரு வரியால் ஒரு விமானம் ஆகாயத்தில் தடுமாறியது. அந்த வரிக்காக வேலை போனது எனக்கல்ல, என்னோடு தினமும் காரில் வந்த ஓர் அக்காவுக்கு. அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய ஓர் உண்மை ஐந்து வருஷத்துக்கு மேல் என் தொண்டையிலேயே கிடந்தது.

அந்த வேலையை நான் தேடிப் போகவில்லை. இரண்டாயிரத்து ஒன்றின் கடைசியில் சான் ஹோசேயில் நான் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஆளைக் குறைத்தபோது முதல் வரிசையில் என்னையும் அனுப்பினார்கள். விசாவைக் காப்பாற்ற உடனே வேறு வேலை வேண்டும். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகான அந்த மாதங்களில் என் முஸ்லிம் பெயரைப் பார்த்ததும் பல இடங்களில் பேச்சு சட்டென்று மரியாதையாக மாறிவிடும், பிறகு போனே வராது. ராமநாதபுரம் கடற்கரையில் வாப்பா ஆசையாக வைத்த பெயர் அது. மில்பிடாஸ் கம்பெனி சின்னது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், பிழையில்லாமல் இங்கிலீஷ் எழுதுவேன் என்பது மட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. விமான சம்பந்தமான வேலைக்கு, அந்தச் சமயத்தில், என்னைப் போன்ற ஒருவனை எடுத்தார்கள். அந்த நன்றியிலேயே நான் பாதி ஊமையாகிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா எனக்கு நான்கு வருஷம் முன்னால் அங்கே சேர்ந்தவர். கோபிசெட்டிபாளையம் பக்கம். நாற்பது வயதிருக்கும். அவருடைய விசாவில்தான் கணவரும் இரண்டாம் வகுப்புப் பையனும் இருந்தார்கள். கணவருக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, சமையல் அவர் பொறுப்பு. வாரம் ஒருநாள் அரிசி பருப்பு சாதம் செய்து எனக்கும் ஒரு டப்பா அனுப்புவார். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. அது வரும்வரை அக்கா வேலையை விடவும் முடியாது, இழக்கவும் முடியாது.

சன்னிவேலில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே அபார்ட்மென்ட் வளாகம். காரில் இரண்டு பேர் இருந்தால் ஃப்ரீவேயில் கார்பூல் லேனில் போகலாம், அரை மணி நேரம் மிச்சம். ஒரு வாரம் நான் ஓட்டுவேன், ஒரு வாரம் அவர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். அது அவர் ஊர் வழக்கம். ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

வேலை விதி ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய பக்கத்தை இன்னொருவர் தனியாக உட்கார்ந்து, இன்ஜினியர்கள் கொடுத்த மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்தபின் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினால் அக்கா சரிபார்ப்பார், அவர் எழுதினால் நான். ஐந்து பேர் செய்த வேலையை இரண்டு பேராக்கிய பிறகு தனியாக உட்கார நேரம் ஏது? அதனால் சரிபார்ப்பது காருக்குள் வந்துவிட்டது. ஓட்டாதவர் பக்கத்தை மடியில் வைத்துச் சத்தமாக வாசிப்பார். ஓட்டுபவர் விமானி மாதிரி பதில் சொல்வார். மில்பிடாஸ் போய்ச் சேர்வதற்குள் மூன்று நான்கு பக்கம் முடிந்துவிடும். டிபன் டப்பாவின் மேல் காகிதத்தை வைத்து, ஓடுகிற காரிலேயே கையெழுத்து. எங்கள் கோப்புகளைத் திறந்தால் எல்லாக் கையெழுத்தும் கோழி கிளறினாற்போல் இருக்கும். அதைப் பார்த்து நாங்களே சிரித்துக்கொள்வோம். வெட்கமே இல்லாமல் சிரித்தோம் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் வரியின் கதை இது. விமானத்தின் மூக்குப் பக்கம் வெளியே சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் நுழையும் காற்றை வைத்துத்தான் வேகம் காட்டும் முள் வேலை செய்கிறது. மேகத்தில் குளிர் அதிகமானால் குழாய்க்குள் பனி அடைத்துக்கொள்ளும், முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதைத் தடுக்கக் குழாய்க்கு ஒரு ஹீட்டர் உண்டு. ஹீட்டர் கெட்டால் விமானியின் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். சில சமயம் எரிந்த விளக்கு தானாகவே அணைந்துவிடும். அணைந்தால் இரண்டில் ஒன்று. ஹீட்டர் சரியாகியிருக்கலாம், அல்லது விளக்கை எரிய வைக்கும் சர்க்யூட்டும் சேர்ந்து செத்திருக்கலாம். இன்ஜினியர்கள் இதை மூன்று வரியில் எழுதியிருந்தார்கள். விளக்கு அணைந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்தவும், மறுபடி எரிந்தால் ஹீட்டர் நலம், எரியாவிட்டால் கெட்டது கெட்டதுதான், மேகத்தைத் தவிர்க்கவும் என்று.

எனக்கு ஒரு பக்கத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அவசரத்தில் விமானி பக்கம் புரட்டக் கூடாது என்பது கம்பெனி சட்டம். இரண்டு வரி மிஞ்சியது. டெஸ்ட் பட்டன் விஷயம் புத்தகத்தில் வேறொரு பக்கத்திலும் இருந்தது நினைவுக்கு வந்தது. சுருக்கி எழுதுவதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட கர்வம். மூன்று வரியை ஒரே வரியாக்கினேன்: விளக்கு அணைந்தால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மறுநாள் காலை நல்ல மழை. எனக்கு நோன்பு. நான்தான் ஓட்டினேன். அக்கா அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டே வந்து நின்றார்.

“ஏனுங்க தம்பி, இன்ஜினியர் எழுதுனதுல டெஸ்ட் பட்டன்னு ஏதோ வந்துச்சுங்களே. இதுல காணமே?”

“அது வேற பேஜ்ல இருக்குக்கா. ரெண்டு தடவ எதுக்குன்னு ரிமூவ் பண்ணிட்டேன். மீனிங் அதேதான்.”

“அதேதானுங்களா?”

“அதேதான்க்கா.”

முன்னால் ஒரு லாரி திடீரென்று பிரேக் போட்டது. நானும் அழுத்தினேன், கார் ஒரு பக்கமாக வழுக்கி நின்றது. அக்கா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். “ரோட்டப் பாருங்க தம்பி, ரோட்டப் பாருங்க” என்றார். கார் மறுபடி நகர்ந்த பிறகு டப்பாமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைய கையெழுத்து வழக்கத்தைவிட அதிகம் ஆடியிருந்தது.

அந்த வேறொரு பக்கத்தில் இருந்தது, கிளம்பும் முன் தரையில் செய்யும் சோதனை. பறக்கும்போது செய்ய வேண்டியது நான் வெட்டிய வரியில் மட்டும்தான் இருந்தது. இது எனக்குத் தெரிய வந்தபோது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வந்தது. முந்தின நாள் மதியமே ஆபீஸ் காலி. அக்கா அன்று லீவு. நானும் கிளம்பலாம் என்று மேஜையை ஒதுக்கும்போது கடிதத் தட்டில் ஒரு புது அறிக்கை கிடந்தது. எங்கள் கையேட்டை வைத்திருக்கும் ஒரு விமான கம்பெனி அனுப்பியது. ஒரு விமானத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்திருக்கிறது. விமானிகள் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள், மேகத்துக்குள் போயிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கத்து வேக முள்ளும் வெவ்வேறு வேகம் காட்டியிருக்கின்றன. எதை நம்புவது என்று தெரியாமல் தடுமாறி, ஆகாயத்திலேயே விமானம் ஒரு முறை வெகுதூரம் கீழே சரிந்து, மேகத்துக்கு வெளியே வந்த பிறகு சமாளித்து வேறு ஊரில் இறக்கியிருக்கிறார்கள். நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. அறிக்கையின் கடைசி வரி: விமானிகள் கையேட்டில் உள்ளபடியே செய்திருக்கிறார்கள்.

ஓடிப்போய் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரியும் இருந்தன. என் ஒரு வரியும் இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

அமெரிக்காவில் ஜனங்கள் அதிகம் பறக்கிற நாள் அது. ஆபீஸுக்கு வெளியே வந்தால், சான் ஹோசேயில் இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் போகும். அதில் எத்தனையில் என் பக்கம் இருக்கிறது? கோப்பின் உள்ளட்டையில் அந்த விமான கம்பெனியின் அவசர நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். உங்கள் விமானங்களில் ஓர் ஆபத்து இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த வாக்கியத்தை என் வாயால், என் உச்சரிப்பில், எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பேசுவது யார், உங்கள் பெயர் என்ன என்று. போனை வைத்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். கோழைத்தனம்தான். ஆனால் என் பெயரோடு அந்த வருஷங்களில் ஏர்போர்ட்டுக்குப் போனவர்களுக்கு அந்தப் பயம் எதனால் ஆனது என்று தெரியும். ஒவ்வொரு முறையும் வரிசையிலிருந்து என்னை மட்டும் தனியாக அழைத்துப் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். அப்போது மனைவிக்கு எட்டாம் மாதம். விமானத்தில் ஆபத்து என்று போன் செய்த ஒரு முஸ்லிம் ஆள் என்ற குறிப்பு எங்கேயாவது ஏறிவிட்டால்? நான் யோசித்தது இதைத்தான். விமானத்தில் இருப்பவர்களைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

நான்கு நாள் டிவியை அணைக்கவே விடவில்லை. பெருநாளுக்கு வந்த விருந்தாளிகள் கொண்டுவந்த வட்டலாப்பம் ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தது. மனைவி, “என்னங்க, மேலுக்கு முடியலையா? முகமே சரியில்லையே” என்றாள். வேலை டென்ஷன் என்று மழுப்பினேன். பால்கனியில் நின்று விமானங்களைப் பார்ப்பதும், உள்ளே வந்து செய்தி பார்ப்பதுமாக இருந்தேன். ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு மணி நேரமும், ஒன்றும் விழவில்லை என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருக்கும்.

திங்கட்கிழமை அக்கா ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறியதும் அறிக்கையைப் பற்றியும் நான் வெட்டிய வரியைப் பற்றியும் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே இன்ஜினியர் எழுதியதை வாசிக்கச் சொன்னார். பிறகு என்னுடையதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“புதன்கிழமையே தெரியுங்களா உங்களுக்கு?”

“தெரியும்க்கா.”

“நாலு நாளு என்னங்க பண்ணீங்க?”

போன் செய்ததையும் பெயர் கேட்டதும் வைத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மில்பிடாஸில் இறங்கியதும் முதல் இந்தியக் கடையின் பார்க்கிங்கில் காரை நிறுத்தினார். நம்பரைக் கேட்டு, தன் செல்போனில் கூப்பிட்டார். அவருடைய பெயரும் கணவர் பெயருமாக அது ரயில் மாதிரி நீளம். அவர்கள் கேட்டபோது ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான், இது தப்பு, இதைப் பார்த்து யாரும் பறக்க வேண்டாம் என்றார். அவர்கள் சரியான வரி என்ன என்று கேட்டிருக்க வேண்டும். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, ஸ்டியரிங்மேல் வைத்து எழுதிக்கொண்டே வாசித்தார்: விளக்கு ஒரு முறை எரிந்தால், பிறகு அணைந்தாலும், ஹீட்டர் கெட்டதாகவே கொள்ளவும்.

போனை வைத்த பிறகு என்னிடம், “டெஸ்ட் பட்டனே வேண்டாங்க தம்பி. அது எந்த சர்க்யூட்ல ஓடுதோ. ஒருக்கா எரிஞ்சா எரிஞ்சதுதான்” என்றார். பிற்பாடு இன்ஜினியர்களும் அதையே ஒப்புக்கொண்டார்கள். புத்தகத்தில் ஏறியது அவர் வரிதான்.

அன்று மாலைக்குள் விமான கம்பெனி எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டுவிட்டது. மேனேஜருக்குக் கோபம், தப்பு நடந்ததைவிட, தன்னைக் கேட்காமல் வாடிக்கையாளருக்குப் போன் போனதில். புதன்கிழமை என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். இது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். பல கேள்விகள், ஒன்றைத் தவிர எதுவும் நினைவில்லை. குறிப்பிட்ட பக்கத்தின் சரிபார்ப்பு, விதிப்படி, அலுவலகத்தில், தனியாக, மூலத்தோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்டதா?

இல்லை என்று எழுதினால் கார் வரும். கார் வந்தால் மீனிங் அதேதான் என்று நான் சொன்னது வரும். ஆம் என்று எழுதினால், எழுதியவன் சுருக்கியது ஒரு சின்னப் பிழை. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்தும் அதைத் தவறவிட்டவர்தான் முழுக் குற்றவாளி. இது எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. நன்றாகத் தெரிந்தே, வழுவழுப்பான மேஜையில், மேனேஜர் கொடுத்த பேனாவால், ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவையும் தனியாகக் கூப்பிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று காரில் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு யார் வழியாகவோ தெரிந்தது: கையெழுத்து தன்னுடையது, மூலத்தைத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு வாரத்தில் வேலை முடிகிறது என்று அவருக்குக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலையோடு அக்காவின் விசாவும் போயிற்று, பாதி வழியில் நின்ற கிரீன் கார்டும் போயிற்று. அந்தச் சமயத்தில் இன்னொரு கம்பெனி தேடிக் கிடைக்கிற நிலைமை இல்லை. ஊருக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். வகுப்பில் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பெரிய அட்டையைப் பையனுக்கு டீச்சர் கொடுத்தார், அதைப் பெட்டிக்குள் மடிக்காமல் வைக்க முடியவில்லை என்று அவன் அழுததாக அக்காவின் கணவர் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் நாங்கள் ஒரே காரில்தான் போனோம். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவர் வழக்கம்போலப் பேசினார். எந்தச் சூட்கேஸ் கனம் தாங்கும், கோபியில் பையனை எந்த ஸ்கூலில் சேர்ப்பது, அவனுக்குத் தமிழ் எழுத வருமா. காகிதம் எதுவும் வாசிக்கவில்லை. கடைசி நாள் மாலை, அபார்ட்மென்ட் வாசலில் காரை நிறுத்தியதும், “கொஞ்சம் மேல வாங்க தம்பி” என்றார். பையன் குழந்தையாக இருந்தபோது வாங்கிய மரத் தொட்டிலைத் துடைத்து, ஆணிகளை ஒரு பையில் கட்டித் தயாராக வைத்திருந்தார். “உங்க வீட்டுல தேதி நெருங்கிருச்சுல்லங்க. எடுத்துட்டுப் போங்க” என்றார். நானும் அவர் கணவரும் அதைப் பிடித்துப் படியில் இறக்கினோம். எங்கள் மகள் ஒன்றரை வயதுவரை அதில்தான் தூங்கினாள். அவள் தூங்கும்போது அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

பிறகு தனியாகத்தான் ஓட்டினேன், கார்பூல் லேனைத் தள்ளி நின்று பார்த்தபடி. மகள் பிறந்து டேகேர் போக ஆரம்பித்தபோது, பின்சீட்டில் குழந்தை இருந்தாலும் இரண்டு பேர் கணக்குதான் என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். அந்த லேனில் ஏறிய முதல் நாள் என்னை அறியாமல் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக மெயில் வந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். நானும் பொங்கலுக்கு இரண்டு வரி அனுப்புவேன். உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த இரண்டு வரியில் விசாரித்திருக்கிறேன். மெயிலில் கோபமே இல்லாததால், அவருக்கு எதுவும் தெரியாது என்று நம்பிக்கொண்டேன். அவர் பேசாமல் இருக்கும்வரை நானும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று இருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கம். டெக்சாஸில் மனைவியின் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூவரும் சான் ஹோசே திரும்புகிறோம். டாலஸில் அன்று ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து பெய்தது. மகளுக்கு ஐந்து வயது. விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது நின்றது. கேப்டன் பேசினார். ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். சற்று நேரம் கழித்து, விளக்கு அணைந்துவிட்டது என்றார். பலர் கை தட்டினார்கள். நான் மகளின் பெல்ட்டை இன்னொரு முறை இறுக்கினேன். எந்த விளக்கு என்று கேப்டன் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே மஞ்சள் விளக்குதான்.

கேப்டன் மறுபடி பேசினார். மன்னிக்கவும், வெளியே இருக்கும் ஒரு குழாயின் ஹீட்டர் விளக்கு அது, அணைந்தாலும் கெட்டதாகவே கொள்ளச் சொல்கிறது எங்கள் புத்தகம், அதனால் நிலையத்து வாசலுக்கே திரும்புகிறோம் என்றார். விமானம் முழுக்க முணுமுணுப்பு. பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்து, விளக்குதான் அணைந்துவிட்டதே, இந்த மாதிரிப் புத்தகத்தை எந்த முட்டாள் எழுதுகிறான் என்றார்.

“வாப்பா, வை ஆர் வீ கோயிங் பேக்?” என்றாள் மகள்.

“ஓர் அக்கா போகச் சொன்னாங்கம்மா” என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அக்கா அந்த வரியை எப்படி எழுதினார் என்பது எனக்கு அப்படியே தெரிந்தது, ஸ்டியரிங்மேல் காகிதத்தை வைத்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

சன்னிவேல் வந்த பிறகு, சனிக்கிழமை காலை, ஊரில் சாயங்கால நேரம் பார்த்து அவரைக் கூப்பிட்டேன். குரல் கேட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் விமானத்தில் நடந்ததைச் சொன்னேன்.

“நெசமாலுமா? திருப்பிட்டாங்களா?” என்றார். “அப்ப அந்தப் பேஜு இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குதுங்களா!” சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் அந்தக் குரலில். கணவரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார்.

சந்தோஷத்தோடு போனை வைத்திருக்கலாம். இந்த முறை வைக்கவில்லை.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்ப மேனேஜர் என்கிட்ட ஒரு ஃபார்ம் குடுத்தார். அதுல நான்...”

“தெரியுங்க தம்பி.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“எனக்கும் காட்டுனாங்க. இது அவரு கையெழுத்துதானான்னு கேட்டாங்க. எனக்கு மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க. உங்க கையெழுத்த நான் ஆடித்தானுங்க பாத்திருக்கேன். அதுல ஆடவே இல்லீங்க.”

அந்த இரண்டு வாரக் கார் பயணம் முழுவதும் ஒரு நொடியில் என் முன்னால் வந்து நின்றது. சூட்கேஸ், ஸ்கூல், தமிழ் எழுத்து. எல்லாம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

“தெரிஞ்சுமா அக்கா தொட்டில் குடுத்தீங்க?” என்றேன்.

அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“தொட்டிலு கொழந்தைக்குக் குடுத்ததுங்க தம்பி. உங்களுக்குக் குடுக்கல.”

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடுப்பைப் பார்க்கணும், வெச்சர்றனுங்க என்றார்.